புட் அப் பண்ணுமுன் ஒரு பார்வை

குமாஸ்தா வேலையைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது என்று நம் வயதுக்காரர்கள் அங்கலாய்ப்பதுண்டு. சென்னையில் மென்பொருள் எழுதும் என் பேத்தியைக் கேட்டால் அந்த வேலை அங்கேதான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரியும்.

அவள் எழுதிய நிரல் நேராகப் பயன்பாட்டுக்குப் போய்விடாது. இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தரவேண்டும். இதற்குப் பெயர் கோட் ரிவ்யூ. ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-லேயே இதற்கு ஒரு முறை வகுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் ஆயத்தம் என்பது தனி ஒரு கட்டம்.

அனுப்புமுன் அவள் செய்வதைக் கேளுங்கள். தற்காலிகமாக எழுதிப் பார்த்த வரிகளை நீக்குகிறாள். பாஸ்வேர்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று தேடுகிறாள். சோதனைகளை ஓட்டுகிறாள். பெரிய மாற்றத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறாள். என்ன மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று ஒரு குறிப்பு வைக்கிறாள்.

புதுச்சேரியில் நாங்கள் ஃபைல் புட் அப் பண்ணியதும் இப்படித்தானே! பக்க எண் போட்டு, பழைய ஆணைக்குக் கொடி ஒட்டி, விஷயத்தைச் சுருக்கமாக நோட் ஷீட்டில் எழுதுவோம். அதிகாரி தேடி அலையக்கூடாது. அதற்கும் முன்னால், பிரெஞ்சுப் பள்ளியில் டிக்தே முடிந்ததும் ஆசிரியர் "ரெலிசே!" என்பார். தாளைக் கொடுக்குமுன் மறுபடி படி என்று அர்த்தம்.

ஆனால் தாள் நேர்த்தியாக இருந்தால் மட்டும் போதாது. வலைத்தளங்களின் பாதுகாப்புக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2011 டிசம்பர் 31 அன்று ஒரு மாற்றம் சேர்ந்தது. அதை ஒருவர் படித்துப் பார்த்துத்தான் ஏற்றார். எதிர்முனை சொல்லும் நீளமும் அது உண்மையில் அனுப்பிய தகவலின் நீளமும் ஒன்றா என்று பார்க்கும் வரி அதில் இல்லை. ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு அறுபதாயிரம் என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். 2014 ஏப்ரலில்தான் இந்தக் குறை உலகத்துக்குத் தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். பல கோடிப் பேரைப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள்.

படிப்பவர் கண்ணுக்கு இருப்பது தெரியும், இல்லாதது எளிதில் தெரியாது. ஃபைலில் வைக்காத காகிதத்தை எந்த அதிகாரி கண்டார்? எது விடுபட்டது என்று யோசிக்கத் தோதானவர் தயாரித்தவர்தான்.

அதனால் பேத்தியின் குறிப்பில் எனக்குப் பிடித்தது கடைசி வரி. "இன்னின்னவற்றைச் சோதித்தேன்; தவறான உள்ளீடு வந்தால் என்ன ஆகும் என்று இன்னும் பார்க்கவில்லை" என்று ஒருமுறை எழுதியிருந்தாள்.

"இப்படி எழுதினா உன்னைக் குறைவா நினைக்க மாட்டாங்களாம்மா?" என்றேன்.

"அவங்க முதல்ல அங்கதான் பார்ப்பாங்க தாத்தா. அதுக்குத்தானே எழுதறேன்" என்றாள்.