எதிர்க்கேள்வி

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு இப்பால் இருக்கிறது செவிலிமேடு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ஊரில் தேடி விசாரிக்கும் இடம் சாலைக் கிணறு. ராமாநுஜர் அங்கிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. வேடன், வேடுவச்சியாகப் பெருமாளும் தாயாரும் வந்து அவரைக் காட்டிலிருந்து காப்பாற்றிக் கூட்டிவந்தது இந்தக் கிணற்றடிக்குத்தான் என்றும் சொல்வார்கள். பக்தர்கள் இதைப் பெருமாளின் கருணைக் கதையாகக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற எனக்கு இது எப்போதும் ஒரு வகுப்பறையின் கதையாகவே படுகிறது.

1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர், திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தார். ஒருநாள் குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உபநிடத வரி ஒன்றுக்கு அவர் சொன்ன பொருள் தாங்காமல் மாணவர் அழுதுவிட்டார். கண்ணீர் குருவின் தொடையில் விழுந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டபோது, தான் நினைக்கும் பொருளைச் சொன்னார். இப்படியே மறுப்புகள் தொடர, குருவுக்கு மாணவர்மேல் பகை மூண்டது. காசி யாத்திரை என்று அழைத்துப்போய்க் கங்கையில் தள்ளத் திட்டம் போட்டார்கள். உடன் வந்த தம்பி முறையான கோவிந்தர் எச்சரிக்க, ராமாநுஜர் விந்தியக் காட்டில் பிரிந்து தப்பினார் என்கின்றன குருபரம்பரை நூல்கள்.

மறுத்தவர் அழுதுகொண்டே மறுத்தார் என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். கேட்கிற பிள்ளையை நாம் திமிர் பிடித்தவன் என்கிறோம். 'எதிர்த்துப் பேசாதே' என்பது நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பிள்ளைகள் அதிகம் கேட்டு வளரும் வாக்கியம். ஆனால் பாடத்தோடு எந்த ஒட்டும் இல்லாத பிள்ளை மறுக்கவே மறுக்காது. சொன்னதை எழுதிக்கொண்டு போய்விடும். விஷயம் நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறவன்தான் 'இல்லை' என்று வாயைத் திறக்கிறான்.

என் வகுப்பிலும் அப்படி ஒரு 'இல்லை' எழுந்தது. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் நேரமும் வேலையும் பற்றிய கணக்குகள் வரும். ஆள் கூடினால் நாள் குறையும் என்ற எதிர் மாறல். புத்தகக் கணக்கை ஊர்க் கணக்காக மாற்றிப் பலகையில் எழுதினேன்: 2 பேர் ஒரு பட்டுச்சேலையை 12 நாளில் நெய்தால், 4 பேர் எத்தனை நாளில் நெய்வார்கள்? பலர் உடனே 6 என்றார்கள். வீட்டில் கோர்வைத் தறி இருக்கும் ஒரு பெண் எழுந்தாள்.

"நாலு பேரு ஒரே தறியில எங்க டீச்சர் உட்காருவாங்க? கோர்வைக்கு ரெண்டு பேருதான்."

அவள் சொன்னது சரி. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரை நாடாவைப் போட இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். மூன்றாம் ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "இன்னொரு தறி போடட்டும். பன்னிரண்டு நாள்ல ரெண்டு சேலை. அப்போ ஒரு சேலைக்கு ஆறு நாள்தானே?" என்றான். அவள் விடவில்லை. "கல்யாணத்துக்கு ஒரே ஒரு சேலை கேட்டவங்களுக்கு ஆறாம் நாளே கொடுத்துடுவியா?" இன்னொரு பெண், பாவு பிணைக்கவும் தார் சுற்றவும் ஆள் கூடினால் சீக்கிரம் முடியும், நெய்யும்போதுதான் முடியாது என்று பிரித்துச் சொன்னாள்.

எந்த வேலையைப் பங்கு போடலாம், எதைப் போட முடியாது. மொத்த உற்பத்தி எவ்வளவு, ஒரு பொருள் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்: படித்தவர்கள் தொழிற்சாலைகளில் உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அதை ஒரு பாடவேளைக்குள் தொட்டார்கள். எதிர் மாறல் எந்த நிபந்தனையில் செல்லும் என்பதை நான் தனியாக விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

தறி வீட்டைப் பெருமைப்படுத்திப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த இரண்டாம் இருக்கையில் குழந்தைகளை உட்காரவைத்த ஊர்கள் இவை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் படிப்பை விட்டுத் தறிக்குப் போன தலைமுறை ஒன்று இங்கே நடுவயதில் இருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்குச் சத்துணவு, சட்டம், தொண்டர்கள், தாய்மார்களின் பிடிவாதம் என்று பல காரணங்கள் உண்டு. இத்தனை பாடுபட்டு வகுப்புக்குக் கொண்டுவந்த பிள்ளையை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

தொடக்க வகுப்புகளில் நிலைமை மேல். 2007 முதல் தமிழகம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஆசிரியரைப் பிள்ளைகளோடு பாயில் உட்காரவைத்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பேச்சுக்கும் ஆட்டத்துக்கும் இடம் இருக்கிறது. மேல் வகுப்புக்கு வர வர அந்தப் பேச்சு அடங்குகிறது. போர்ஷன் முடிய வேண்டும், தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும், கைடில் இருக்கும் விடையை வரி பிசகாமல் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பில் கை தூக்கும் பிள்ளையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

திருப்புட்குழிக் கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை. தன் தாயார் எடுத்துச் சொல்ல, யாதவப்பிரகாசர் பிற்காலத்தில் அதே மாணவரிடம் வந்து சீடராகச் சேர்ந்தார். கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார். ராமாநுஜர் பணித்தபடி, துறவிகளின் ஒழுக்கம் பற்றி 'யதிதர்ம சமுச்சயம்' எழுதினார். தன்னை அழிக்க நினைத்தவரை ஏற்று, அவர் புலமைக்கு ஏற்ற வேலையையும் கொடுத்த அந்த மாணவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. முதுமையில் இடம் மாறி உட்கார்ந்த அந்த ஆசிரியரை அவரைவிட ஒரு படி மேலே வைக்கிறேன். ஆயிரம் ஆண்டு ஆகியும் நம்மில் பலருக்கு அந்தத் துணிவு வரவில்லை.

கோர்வைத் தறி வீட்டு அந்தப் பெண், இதே கணக்கு தேர்வில் வந்து 'நெய்ய முடியாது' என்று எழுதினால் இன்று மதிப்பெண் கிடையாது. விடைக்குறிப்பு 6 என்றுதான் சொல்லும். தேர்வில் 6 என்று எழுதச் சொல்லித்தான் அவளை அனுப்புகிறேன், மனம் ஒப்பாமல். வினாத்தாள் தயாரிக்கிறவர்களிடமும் விடைத்தாள் திருத்தும் சக ஆசிரியர்களிடமும் நான் கேட்பது பெரிதில்லை. குறிப்பில் இல்லாத விடையை ஒரு பிள்ளை தக்க காரணத்தோடு எழுதியிருந்தால் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.