போகும் தண்ணீர்

வீட்டுக்கு வரும் தண்ணீரைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம். குழாயில் வந்ததா, லாரி வருமா, கிணறு ஊறியதா என்று விசாரிக்கிறோம். குளித்தும் துவைத்தும் சமைத்தும் ஒளுச் செய்தும் நாம் கழித்துவிட்ட அத்தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. அங்கணத்தைத் தாண்டியதும் அது நம்முடையதல்ல என்றே எண்ணிக்கொள்கிறோம்.

லண்டன் மாநகரமும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணிற்று. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல், பாராளுமன்றத்தின் சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பின்னர் ஜோசப் பாஸல்ஜெட் என்னும் பொறியியல் அறிஞர் நகரத்தின் அடியில் பெருஞ் சாக்கடைகளை அமைத்து, கழிவுநீரைக் கிழக்கே பெக்டனுக்கும் கிராஸ்னஸுக்கும் கொண்டு சென்றார். நகரம் மூச்சு விட்டது. ஆனால், அங்கே அக்கழிவு சுத்தம் செய்யப்படாமல் அப்படியே ஆற்றில் திறந்துவிடப்பட்டது. 1878 செப்டம்பரில் ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்னும் பயணக் கப்பல் அவ்விடத்திற்கு அருகில் மோதுண்டு மூழ்கியது. மாண்டவர் 600-க்கும் மேற்பட்டோர். சற்று முன்னர் திறந்துவிடப்பட்ட சாக்கடை நீரில்தான் அவர்கள் தத்தளித்தார்கள்.

அகற்றுவது வேறு, சுத்தம் செய்வது வேறு. இதனை உலகம் உணர இத்தனை உயிர்கள் வேண்டியிருந்தன!

ஆற்றுக்குத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கின்றன. அதற்கு அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. கழிவு மிகுந்தால் வாயு தீர்ந்துபோகும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். பிறகு அழுகல் நாற்றம் எழும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் அந்த நுண்ணுயிர்ச் சேற்றைத் தொட்டியில் சேமித்து, இடையறாது காற்றூட்டினால், வாரக் கணக்கில் நடக்கும் வேலை சில மணி நேரத்தில் முடியும் என்று காட்டினார்கள். ஆறு செய்யும் பணியையே ஆற்றுக்கு முன்பாக நாம் செய்து முடிக்கும் வழி இது.

சென்னையில் அத்தகைய நிலையம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முதலில் கம்பிச் சல்லடை. அதில் கந்தல் துணியும் பிளாஸ்டிக் பைகளும் மயிர்க் கற்றையும் சிக்கிக் கிடந்தன. அடுத்து மணல் படியும் தொட்டி. அதற்கப்பால் பழுப்பு நிற நீர் உலையைப் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. நெருப்பில்லாத கொதிப்பு, அடியிலிருந்து பொங்கிய காற்றின் வேலை. கடைசித் தொட்டியின் விளிம்பில் வழிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திக் காட்டினார்கள். தெளிந்திருந்தது, நாற்றமில்லை.

2019-இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், இவ்வாறு தெளிந்த நீரை மேலும் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் ஆலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஆலைகள் அதனை ஏற்கும் அளவுக்குக் குடிநீர் மக்களுக்கு மிஞ்சும் அன்றோ?

அப்படியிருந்தும் கூவத்தின் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறோமே, ஏன்? தன்னை வந்தடையும் நீரைத்தான் நிலையம் தூய்மை செய்ய இயலும். நாம் குடியிருக்கும் தெருவிலேயே சில வீடுகளின் கழிவுக் குழாய்கள் மழைநீர்க் கால்வாயில் இறங்கியிருக்கக் கண்டோம். மழைநீர்க் கால்வாய்க்கு நிலையம் தெரியாது. அது நேரே ஆற்றுக்குப் போகும்.

தேம்ஸின் வரலாறு நமக்கு நம்பிக்கையளிக்கிறது. 1957-இல் இறந்துவிட்டது என்று அறிஞர்கள் கைவிட்ட ஆறு அது. பெக்டனிலும் கிராஸ்னஸிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாக்கப்பட்டன. 1974-இல் அந்நீரில் சால்மன் மீன் ஒன்று அகப்பட்டது. ஆறுகள் மன்னிக்கத் தெரிந்தவை.

ஆகவே, வீடு கட்டுவோரும் வாங்குவோரும் குடிநீர் இணைப்பைக் கேட்கும்போதே, கழிவுக் குழாய் எங்கே சேர்கிறது என்றும் கேட்டறிய வேண்டும். பொரித்த எண்ணெயையும் கந்தலையும் அங்கணத்தில் இடலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். நம் கையைவிட்டுப் போகும் நீர், ஆற்றோரத்தில் வாழும் மற்றொருவரின் வாசலுக்குத்தான் போய்ச் சேருகிறது.