தண்ணியும் வேணாம்... மணலும் வேணாம்!

கல்யாண ரிசப்ஷன்ல பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது காலடியில வெள்ளையா புகை விடுவாங்களே, பார்த்திருப்பீங்க. பல இடங்கள்ல அந்தப் புகைக்குக் காரணம் ‘டிரை ஐஸ்’. அதாவது உறைஞ்சுபோன கார்பன் டை ஆக்ஸைடு. குளிர் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 78.5 டிகிரி செல்ஷியஸ்! இது உருகித் தண்ணியாகாது. நேரா வாயுவாப் பறந்துடும். இதை வெச்சு ஃபேக்டரி மெஷினையே சுத்தம் பண்ணலாம்னு சொன்னா நம்புவீங்களா?

எனக்கு இதுல ஆர்வம் வரக் காரணம் எங்க மாமா. எங்க ஊரு ஸ்ரீவைகுண்டம். மாமா, தூத்துக்குடி பக்கம் கம்பெனிகள்ல ஷட்-டவுன் சமயத்துல மெஷின் கிளீன் பண்ற கான்ட்ராக்ட் கேங்ல இருக்கார். “மோட்டார்ல தண்ணி அடிச்சா மோட்டார் செத்துரும். இரும்புல மணல் அடிச்சா நாம செத்துருவோம் மருமவனே!” என்பார் சிரித்துக்கொண்டே.

ஆனா, அது சிரிக்கிற விஷயம் இல்லீங்க. மணலைக் காற்றழுத்தத்தில் அடிக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி ‘சிலிகோசிஸ்’ நோயைக் கொண்டுவரும். வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. இந்த வேலைக்கு மணலைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டன் 1950 வாக்கிலேயே தடை போட்டுவிட்டது.

மணலுக்குப் பதிலா, அடிச்ச உடனே காணாமல் போகும் பொருள் இருந்தா? அந்த யோசனைக்கு 1977-ல் அமெரிக்காவின் லாக்ஹீட் விமானக் கம்பெனியைச் சேர்ந்த கால்வின் ஃபாங் காப்புரிமை வாங்கினார்.

டெக்னிக் சிம்பிள்தான். டிரை ஐஸை அரிசி மாதிரி சின்னச் சின்னக் குருணையாக்கி, கம்ப்ரஸர் காற்றோடு சேர்த்து வேகமா அடிக்கணும். குருணை மோதுற வேகத்துல அழுக்கு ஆட்டம் காணும். அந்தக் குளிரில் கிரீஸும் பிசினும் விறைச்சு விரிசல் விடும். அடுத்த நொடியே குருணை வாயுவாகிப் பல நூறு மடங்கு விரிஞ்சு, அழுக்கை அடியோடு பெயர்த்துவிடும். கீழே விழுந்த அழுக்கைக் கூட்டி அள்ளினா வேலை முடிஞ்சது! மின்சாரமும் கடத்தாது என்பதால் ஜெனரேட்டர், மோட்டார் காயில்களுக்கு இது ரொம்பப் பொருத்தம். டயர் கம்பெனிகளில் அச்சுகளை ஆறவிடாமல், கழற்றாமல், சூட்டோடு சூடாகச் சுத்தம் செய்வதும் இப்படித்தான்.

‘இதுக்கும் உங்க ஊருக்கும் என்னப்பா சம்பந்தம்?’னு கேக்கறீங்களா? தண்ணிதான் சம்பந்தம்! தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு எங்க ஊர்லதான் இருக்கு. 1873-ல் கட்டி முடிச்சாங்க. வயலுக்காகக் கட்டிய அந்த அணையிலிருந்து, தூத்துக்குடி தொழிற்சாலைகளுக்காகப் போட்ட திட்டத்தின் பேரு ‘20 எம்.ஜி.டி.’ நாளைக்கு 2 கோடி காலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர்! வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா, டீக்கடை பெஞ்சுல இந்தப் பேச்சு கண்டிப்பா அடிபடும்.

உண்மையைச் சொல்லணும். தொழிற்சாலைகள்ல தண்ணி பெருமளவு செலவாவது குளிர்விக்கவும் கொதிகலனுக்கும்தான். கழுவுறதுல மிச்சம் பிடிச்சு கடைமடையை நிரப்பிட முடியாது. ஆனா, மெஷின் கழுவின தண்ணி வெறும் தண்ணி இல்லை. எண்ணெயும் ரசாயனமும் கலந்த கழிவு. அது உருவாகவே இல்லைன்னா, சுத்திகரிக்கிற செலவும் இல்லை, மண்ணில் இறங்குற பயமும் இல்லை.

காற்றில் கார்பன் கூடாதான்னு அடுத்த கேள்வி வரும். டிரை ஐஸுக்கான வாயுவைப் பெரும்பாலும் வேறு தொழிற்சாலைகள் வெளியே விடுவதிலிருந்துதான் பிடிக்கிறாங்க. அதனால கணக்குல புதுசா எதுவும் பெருசா ஏறாது. வாயுவைப் பிடிக்கிற வித்தை தூத்துக்குடிக்கும் புதுசில்லை. இங்கே ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-ல், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைப் பிரிச்சு சோடா உப்பு தயாரிக்க ஆரம்பிச்சாங்க. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது இலக்கு. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின விஷயம் அது!

அப்போ எல்லாம் சூப்பரா? இல்லை. டிரை ஐஸைச் சேர்த்து வைக்க முடியாது. சில நாளில் கரைஞ்சிடும். கம்ப்ரஸர் கரன்ட்டைக் குடிக்கும். உப்புக் காத்துல ஆழமா ஏறின துருவுக்கு இது ஆகாது. சத்தம் காதைப் பிளக்கும்.

எல்லாத்தையும் விட பெரிய வில்லன், அந்த வாயுவேதான். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். நிறம் இல்லை. டேங்க், குழி மாதிரி இடங்களில் அடியிலேயே தேங்கி நிற்கும். எட்டு மணி நேர வேலைக்கு 0.5 சதவிகிதம்தான் வரம்பு. 10 சதவிகிதத்தை எட்டினா, ஆள் சில நிமிஷத்துல மயங்கி விழுவார். காப்பாத்த இறங்கினவரும் சேர்ந்து விழுவார். மணல் பல வருஷம் கழிச்சுச் செய்யறதை, இது நிமிஷத்துல செஞ்சிடும்.

அதனால இன்ஜினீயரிங், கெமிஸ்ட்ரி படிக்கிற நண்பர்களே, இன்-பிளான்ட் டிரெயினிங் போறப்போ குரூப் போட்டோவோட திரும்பிடாதீங்க. மூணே மூணு கேள்வி கேளுங்க. கழுவின தண்ணி எங்கே போகுது? டேங்க்குக்குள்ளே இறங்கறவருக்குக் காற்று எப்படிப் போகுது? வாயுவை அளக்கிற மீட்டர் யார் கையில இருக்கு?

சூப்பர்வைஸர் கையைக் காட்டினா போதாது. உள்ளே இறங்கறவர் சட்டையில அது இருக்கணும்!