விரல் மேல் விழுந்த பழி

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் எங்கள் வீடு. அதன் பரணில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பழைய போர்வை சுற்றிப் படுத்திருந்தது அண்ணனின் எலெக்ட்ரிக் கிடார்.

அண்ணன் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். ஒரு கல்யாண ரிசப்ஷனோடு அது முடிந்துபோனது. அன்று கிடாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் கிடைக்கவில்லை. மைக் செட்காரர் ஒயரை நேராக மைக் சொருகுகிற இடத்திலேயே சொருகிவிட்டார். அண்ணன் தந்தியைத் தட்டியதும், தகர டப்பாவைத் தெருவில் இழுத்துப்போகிற மாதிரி ஒரு சத்தம். மண்டபமே சிரித்தது. ‘உனக்கு விரல் சரியில்லப்பா’ என்றார் குழுவை நடத்தியவர். முன்வரிசையில் ஐஸ்க்ரீம் கப்போடு உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. மறுநாள் கிடார் பரண் ஏறிவிட்டது.

அதைக் கீழே இறக்கியவள் அண்ணன் மகள். ஜூன் 21 அன்று பாண்டிச்சேரியில் இசைத் திருவிழா நடக்குமே... பிரான்ஸில் 1982-ல் ஆரம்பித்து, நம்ம ஊர் வரை வந்து சேர்ந்த விழா. அதில் வாசிக்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. “கடையில வாங்குனா காசு ஜாஸ்தி சித்தப்பா, ப்ரீஆம்ப் நானே பண்ணிக்கிறேன்” என்று சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்தாள். ஒரு ஐ.சி., நாலைந்து ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது.

ஸ்பீக்கரில் இணைத்துத் தட்டினாள். அதே தகர டப்பா!

உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. “அன்னைக்கும் இதே சத்தம்தான்டா” என்றார்.

தெருக்கோடியில் முன்பு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவரை அழைத்து வந்தேன். டப்பாவைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். “இது மைக்குக்குப் போடுற சர்க்யூட்டும்மா. கிடாருக்கு ஆவாது.”

அவர் சொன்னதை, பி.காம். படித்த எனக்குப் புரிந்த கணக்கில் சொல்கிறேன். கிடாரின் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும். மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். மைக் தருவது 2 மில்லிவோல்ட் என்றால், கிடாரை அழுத்தி அடிக்கும்போது 200 மில்லிவோல்ட் வரும். பாப்பா செய்த சர்க்யூட், வருவதை நூறு மடங்காக்கும். மைக்குக்கு அது சரி, 0.2 வோல்ட்தான். கிடாருக்கோ 20 வோல்ட்! பையில் 9 ரூபாயை வைத்துக்கொண்டு 20 ரூபாய்க்கு பில் போட்டால்? அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். அதுதான் தகர டப்பா.

இன்னொரு கோளாறும் இருந்தது. பிக்கப்புக்குக் கரன்ட் கொடுக்கும் தெம்பு குறைவு. சர்க்யூட்டின் வாசலில் இருந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் அதைப் போட்டு இழுத்தது. வோல்ட் பாதிக்குப் பக்கமாய்க் குறைந்தது. கூர்மையான ஸ்வரமெல்லாம் மழுங்கிப்போனது. மிச்சத்தை நூறால் பெருக்கினாலும் ஒன்பதைத் தாண்டும்!

பெரியவர் இரண்டே இரண்டு ரெசிஸ்டர்களை மாற்றினார். வாசலில் 10 கிலோ ஓமுக்குப் பதில் 1 மெகா ஓம். பெருக்கத்தைத் தீர்மானிக்கிற இடத்தில் 100 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம். நூறு மடங்கு, ஆறுக்கும் கீழே வந்தது. 200 மில்லிவோல்ட் போட்டால் ஒரு வோல்ட்டும் கொஞ்சம் சில்லறையும். பட்ஜெட்டுக்குள் செலவு. ரெசிஸ்டர் விலை? இரண்டும் சேர்ந்து ஒரு டீக்குக்கூடக் காணாது.

“நீங்க வாசிங்கப்பா” என்று கிடாரை நீட்டினாள் மகள். அண்ணன் தயங்கி வாங்கினார். ஒரே ஒரு தந்தியைத் தட்டினார். சுத்தமாக, நீளமாக ஒலித்தது. கூடத்து ஃபேனை நிறுத்தச் சொன்னார். மறுபடி தட்டினார்.

“அப்போ... விரல் இல்ல” என்றார், யாரையும் பார்க்காமல்.

அந்த மைக் செட்காரரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவர் தெரியாமல் சொருகினார். நான்? ஒரு வார்த்தை கேட்காமல், கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தேன். ஊர் சிரித்தது மைக்களவுதான் சார். சொந்தத் தம்பி சிரித்ததுதான் நூறு மடங்காகக் கேட்டிருக்கும்.

“அண்ணே, அன்னைக்கு நானும் சிரிச்சேன்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்டா” என்றார். பிறகு மகளிடம் திரும்பி, “ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஏத்தி வை. இவனுக்கும் நல்லாக் கேக்கட்டும்.”