கல்லாற்றுக் கயமும் படகுக் குழியும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் நிற்காமல் போவதில்லை. அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். கீழே, கூழாங்கற்கள்மீது கண்ணாடியாய் ஓடும் நீர். அழகை நம்பி இறங்கிவிடக் கூடாது. இங்குள்ள வட்டக்கயம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. மேலே அமைதி, அடியில் பள்ளம்.

இதே நீர் வாமனபுரம் ஆறாகி, அஞ்சுதெங்கு காயலில் கடலுப்போடு கலக்கிறது. கல்லாற்று நீரில் எளிதில் அரிக்காத அலுமினியப் படகுக்கு அங்கே ஆபத்து. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. அது அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைத்துக் குழி பறிக்கும். வெளியே ஊசிமுனை, உள்ளே பொந்து: இன்னொரு வட்டக்கயம். நடுக்கடலில் ஒழுகினால் உயிருக்கே ஆபத்து. (இந்தக் கரையில் ஃபைபர் படகுகளே அதிகம். அலுமினியம் வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.)

பெயின்ட் அடித்து மறைப்பது வைத்தியமல்ல. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, வெள்ளைப் பொடி போய் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்ட வேண்டும். ஆழமில்லாத குழிக்கு எபாக்சி போதும். தகடு மெலிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். செம்பு கலந்த பெயின்ட் வேண்டவே வேண்டாம். அதுவே அலுமினியத்தை அரிக்கும். அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்தினால் படகுக்குப் பதில் அது கரையும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.