அம்மாயியின் ஏழு நிமிடம்

ஒன்பதாவது படிக்கும்போது எங்களுக்கு வந்த சமூக அறிவியல் ப்ராஜெக்ட்டின் தலைப்பு ‘நம் ஊர், நம் வரலாறு’. அதற்கு முந்தைய வருடம்வரை ப்ராஜெக்ட் என்றால் சார்ட் பேப்பர், தெர்மாகோல், கிளிட்டர் பேனா. அந்த வருடம் புதிதாக வந்த டீச்சர், “இந்தத் தடவ எல்லாரும் பாட்காஸ்ட் பண்றீங்க” என்றார். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வார்த்தையே தெரியாது. “ரேடியோ மாதிரி, ஆனா ரேடியோ இல்ல” என்று விளக்கினார். மூன்று பேர் ஒரு குழு. ஏழு நிமிடம். ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேட்டி கட்டாயம்.

ஊர் கூடலூர். நீலகிரிதான், ஆனால் ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் காதில் விழும். இதில் எங்களுக்கு ‘சிலோன்காரங்க’ என்று பெயர். அரசாங்கத் தாளில் ‘தாயகம் திரும்பியோர்’. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாடில்லாமல் கிடந்த எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை என்ன செய்வது என்று பிறகு பேசிக்கொள்வார்களாம். மூட்டை எண்ணுகிற மாதிரிதான். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இப்போதைய டேன்டீ. என் அம்மாயி அதில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர்.

ஆக, பெரியவரைத் தேடி நாங்கள் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

2019 ஆகஸ்ட். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய அதே வாரம். பள்ளிக்கூடம் லீவு. அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு அம்மாயி வீட்டுக்குப் போனேன். ஒரு பழைய சேலையை நாலாக மடித்து, அதன் மேல் போனை வைத்து, அவரை எதிரில் உட்கார வைத்தேன். வீட்டுக்குக் கூரை தகரம். மழை ஏறினால் நாங்கள் கத்திப் பேசுவோம், இறங்கினால் குரலும் தானாக இறங்கும். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். போனுக்கு அது தெரியாது.

41 நிமிடம் பேசினார். ஹட்டன் பக்கத்துத் தோட்டம், விடியலில் பெரட்டுக்கு ஓடியது, கங்காணி அரைப்பேர் போட்டுவிடுவாரோ என்ற பயம், தங்கச்சியோடு ஒரே காம்பராவில் வளர்ந்தது. பிறகு 74-இல் கிளம்பியது. “கோச்சி வந்து நின்னுச்சு பாரு, லயமே ஸ்டேஷனுக்கு வந்துருச்சு. ஏறுனவங்களும் அழுவுறாங்க, நிக்கிறவங்களும் அழுவுறாங்க. அதுக்குப் பேரே ஒப்பாரிக் கோச்சி.” தங்கச்சி ஜன்னல் வழியாக ஒரு ரொட்டிப் பொட்டலம் கொடுத்தாராம். தலைமன்னார் போய்ச் சேரும்வரை அதைப் பிரிக்கவே இல்லையாம்.

தங்கச்சி ஏன் கூட வரவில்லை என்று கேட்டேன்.

“அவ வூட்டுக்காரரு அந்தப் பக்கம் எழுதிக் குடுத்தாரு. ஒங்க தாத்தா இந்தப் பக்கம் எழுதிக் குடுத்தாரு. எங்கள யாரு கேட்டா?”

எடிட்டிங் தெரிந்தவள் என் தோழி. அவள் அண்ணன் காலேஜில் படித்தான், ஆடாசிட்டி சொல்லிக்கொடுத்திருந்தான். பேட்டி எடுக்கும்போதே எனக்கு மெசேஜ் வந்தது: “யாரும் பேசாம ரூம் சத்தம் மட்டும் பத்து செகண்ட் அனுப்பு.” இரைச்சலை மட்டும் தனியாகக் காட்டினால் மென்பொருள் அதைப் புரிந்துகொண்டு மொத்தப் பதிவிலிருந்தும் கழித்துவிடும் என்பது கணக்கு. மின்விசிறிச் சத்தம், ஃப்ரிட்ஜ் முனகல் மாதிரி ஒரே சீராக ஓடுகிற இரைச்சலுக்கு அது சரிப்படும். தகரத்து மழை அப்படியில்லை. பேச்சு இருக்கிற இடத்தில் எல்லாம் அதுவும் இருக்கும். மழையைக் கழித்தபோது அம்மாயியின் குரலும் சேர்ந்து போனது. மிஞ்சியது, குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற ஒரு பொம்பளையின் குரல்.

டீச்சரிடம் போட்டுக்காட்டினோம். ஒரு நிமிடம் கேட்டார். “ஒண்ணும் புரியலையேம்மா. இதை எழுதிக்கிட்டு நீங்களே வாசிச்சிடுங்க” என்றார். எழுதிக்கொண்டு போனேன். சிவப்புப் பேனாவோடு திரும்பி வந்தது. தேத்தண்ணி ‘தேநீர்’ ஆனது. காம்பரா ‘அறை’. பெரட்டு ‘வருகைப் பதிவு’. கோச்சியைச் சுழித்து, ஓரத்தில் ‘கொச்சியிலிருந்தா வந்தார்?’ என்று கேட்டிருந்தார். ரயிலைத்தான் அம்மாயி அப்படிச் சொல்வார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாயி எதையோ தப்பாகச் சொல்கிறார், நான்தான் திருத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒப்பாரிக் கோச்சி, ‘துயரம் மிகுந்த ரயில் பயணம்’ என்றானது. “எங்கள யாரு கேட்டா” அடிபட்டுப் போனது. “அது குடும்ப விஷயம், வரலாறு இல்ல.” டீச்சர் கெட்டவர் இல்லை. எங்களுக்காகச் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுக்கொடுத்தவர். ஏழு நிமிடம்தான் இருக்கிறது என்பதும் உண்மைதானே.

பேச்சுப் போட்டியில் எப்போதும் பரிசு வாங்குகிற எங்கள் குழுவின் மூன்றாவது பெண் வாசித்தாள். ழகரம் அவ்வளவு சுத்தம். பின்னணியில் புல்லாங்குழல். எங்களுக்கு இரண்டாம் பரிசு.

அம்மாயிக்குப் போட்டுக்காட்டினேன். போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏழு நிமிடமும் அசையாமல் கேட்டார். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“பாவம், இந்தப் பொம்பளைக்கும் நம்மள மாதிரிதான் நடந்திருக்கு.”

கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், தெரியவில்லை. சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்துபோனார். நான் “அது நீங்கதான் அம்மாயி” என்று சொல்லவில்லை.

2021-இல் அம்மாயி இறந்தார். அதற்கு இரண்டு வருடம் கழித்து காலேஜ் சேர்ந்து சென்னை வந்தேன். ஒரு நாள் புத்தகக் கடையில் எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பு: ‘ஒப்பாரிக் கோச்சி’. அட்டையைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் இருந்தவர் “கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். மலையகம் முழுக்கப் புழங்கிய வார்த்தையை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிவப்புப் பேனாவுக்குக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிரவே அந்த 41 நிமிடத்தைத் தேட ஆரம்பித்தேன். அப்பா அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. பள்ளி லேப் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டார்கள். பென் டிரைவ் இருந்தது, அதில் யாரோ சினிமா ஏற்றியிருந்தார்கள். ஏழு நிமிட எம்பி3 மட்டும் எங்கள் மூவரிடமும் பத்திரமாக இருந்தது.

கடைசியில் தோழியின் வாட்ஸ்அப்பில் பழைய மெசேஜ்களுக்கு நடுவில் ஒன்று கிடைத்தது. 12 விநாடி. அன்று அவள் கேட்டு நான் அனுப்பிய ரூம் சத்தம். எட்டு விநாடி வெறும் மழை. பிறகு அம்மாயி, மெதுவாக: “இன்னும் பேசக் கூடாதா?” உடனே “ஷ்ஷ்” என்று நான். திரும்ப மழை.

அம்மாயியின் குரலில் என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

அவர் தங்கச்சி, எங்களுக்குச் சின்ன அம்மாயி, இன்னும் ஹட்டன் பக்கத்தில்தான் இருக்கிறார். பேரனின் போனில் எப்போதாவது பேசுவார். போன மாதம் அந்த 12 விநாடியை அவருக்கு அனுப்பினேன். அனுப்பலாமா என்று ஒரு வாரம் தயங்கிவிட்டுத்தான் அனுப்பினேன். மறுநாள் காலையில் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. நடுவில் சேவல் கூவுகிறது, யாரோ குடத்தைக் கீழே வைக்கிறார்கள், பேரன் “சத்தமாப் பேசுங்க” என்கிறான். கோச்சி நான்கு தடவை வருகிறது.

ஆனால் அக்காவின் குரலைப் பற்றிச் சின்ன அம்மாயி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கேட்டது இதுதான்:

“அங்கயும் தகரமா போட்டுக் குடுத்தாங்க?”