கன்னி போட்ட ஆறு குட்டிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு காலனிக்கு நாங்கள் போனது ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத்தான். அந்த அண்ணன் நாய் வளர்த்து குட்டி விற்பவர். பகலோ இரவோ, ஏதாவதொரு ஷிப்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. பதினொரு வருடமாகியும் நிரந்தரம் இல்லை. தொகுப்பு வீட்டின் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு, அதில் இரண்டு கன்னி, ஒரு சிப்பிப்பாறை.

2017-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் ஐயாயிரம் ரூபாய். பெட்டைக்கு ஒன்றரை வயது ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாமல் குட்டியை விற்கக் கூடாது. விதிகள் நல்லவைதான். கடைசி மூன்றையும் அண்ணன் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார். ஐயாயிரம்தான் இடித்தது. "அரை மாசக் கூலி தம்பி" என்றார்.

அரசே இந்தத் தொழிலைச் செய்து பார்த்த கதையும் உண்டு. நம் நாட்டு நாய்களைக் காப்பாற்ற சைதாப்பேட்டையில் ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்தினார்கள். பராமரிப்பு சரியில்லை என்று வழக்கு வந்து, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. இந்தச் சாய்ப்பில் நாங்கள் பார்த்தது வேறு. கேழ்வரகுக் கூழ், கோழிக்கடையில் கிடைக்கும் கால்களை வேகவைத்த தண்ணீர், வேப்பெண்ணெய் வாசம். பூச்சி மருந்து, ஊசித் தேதிகளை எல்லாம் பிளஸ் டூ முடித்த மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள். கட் ஆஃப் எட்டவில்லை, இப்போது நர்சிங். அண்ணி காலையில் இன்னொரு கம்பெனிக்கு ஹவுஸ்கீப்பிங் போகிறார்.

அண்ணனுக்கு வேறு பொழுதுபோக்கு என்றால் ஞாயிறு மதியம் அம்பேத்கர் மன்றத்தில் கேரம். ஒவ்வொரு ஈற்றிலும் ஒரு குட்டியின் விலை மன்றத்துக்குப் போய்விடும். அந்தப் பணத்தில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும். காலனித் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட, முகாம் நடக்கும் நாட்களில் கயிற்றோடு முதலில் நிற்பவரும் இவர்தான். உலகில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாகிறவர்களில் யார் அதிகம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்கு உறுத்தியது அவர் போனில் போட்டிருந்த விளம்பரம். 'சுத்த ரத்தம், கலப்பில்லாதது.' சாதி, ரத்தத்தைச் சுத்தமாக வைக்கத்தான் என்று வாதாடியவர்களை 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் பிய்த்துப் போட்டுவிட்டார். நாம் இன்னும் பேச்சு வழக்கில் 'சாதி நாய்' என்கிறோம். சாதியில்லாத நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'பரையா டாக்'. நம் மக்களில் ஒரு பிரிவின் பெயரைத் தெருநாய்க்குச் சூட்டி, அது ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. மனுவோ பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனுக்கு நாயும் கழுதையும்தான் சொத்து என்று எழுதிவைத்தான். அந்தச் சொத்தையும் விட்டுவைத்தார்களா? தென் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கத் தடை இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஊர்த்தெருப் பெட்டையோடு சேர்ந்துவிடுமாம்.

இதையெல்லாம் அண்ணனிடம் கொட்டினோம். முதுகலை படித்தவர்கள் இல்லையா! பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பிடிப் போட்டாத்தான் தம்பி போனே அடிக்கிறானுங்க."

நாங்கள் இருக்கும்போதே ஒரு கார் வந்தது. பக்கத்து ஊர்க்காரர். குட்டியின் அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டி எங்கிருந்து வந்தது என்று கால் மணி நேரம் விசாரித்தார். குட்டி அவர் முகத்தை நக்கியது, சிரித்தார், மடியில் போட்டுக்கொண்டார். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "இப்பதாம்மா குடிச்சேன்" என்றார். வெயில் மண்டையைப் பிளந்த நேரம். எட்டாயிரத்தை எண்ணித் திண்ணையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. மகள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தோம்.

இதே ஒன்றியத்தில்தான் 2020 சுதந்திர தினத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகே ஆட்சியர் முன்னிலையில் ஏற்ற முடிந்தது. சொம்புத் தண்ணீர் செய்தியாகாது.

பதிவுச் சான்று வருவதற்குள் அடுத்த ஈற்று. அண்ணன் இரவு ஷிப்டில் இருந்தபோது சாய்ப்புக் கதவின் கொக்கி கழன்றிருக்கிறது. கன்னி வெளியே போய், காலனியின் செவலை நாயோடு சேர்ந்துவிட்டது. அறுபத்து மூன்று நாள் கழித்து ஆறு குட்டி. இரண்டு கறுப்பு, மூன்று செவலை, ஒன்று யாரைப் போலவும் இல்லை. முன்பணம் கொடுத்திருந்த நான்கு பேரும் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் போனில் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டோம். நாயைத் திட்டிய வார்த்தை மாதிரிதான் தொடங்கியது, முடிந்தது நாயில் அல்ல.

அந்தப் பணம் மகளின் இரண்டாம் பருவக் கட்டணம். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினார் அண்ணி. குட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் விட்டுவிடச் சிலர் யோசனை சொன்னார்கள். வியாபாரிகள் செய்வதுதான். அண்ணன் எட்டு வாரமும் விற்பனைக் குட்டிக்குப் போலவே கூழும் பாலும் ஊற்றினார், ஊசி போட்டார். பிறகு மகளோடு டிவிஎஸ் ஃபிஃப்டியில், கூடையில் வைத்து, செங்கல் சூளைப் பக்கம் இருக்கும் இருளர் குடிசைகளுக்கு மூன்றைக் கொண்டுபோனார். பாம்பு நடமாட்டம் அதிகம், குரைக்க ஒன்று வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். மாலை வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொன்று தூக்கிப் போனார்கள்.

யாரைப் போலவும் இல்லாதது எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஆயிரம் ரூபாய் நீட்டினோம்; அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "விக்கிறதுன்னா வித்திருக்க மாட்டனா?" அம்பேத்கர் டெல்லி வீட்டில் பீட்டர் என்றொரு நாய் வளர்த்தார் என்று முன்பு ஒருநாள் மகளிடம் சொல்லியிருந்தோம். அவள் அதையே பெயராக வைத்து அனுப்பினாள்.

விளம்பரத்தில் 'சுத்த ரத்தம்' இன்னும் அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொல்லி நாங்கள் மறுபடி கேட்கவில்லை. சாய்ப்புக் கதவுக்கு இரண்டு கொக்கி போட்டிருக்கிறார். பீட்டர் போன வாரம் கள ஆய்வுப் படிவங்களில் நான்கைத் தின்றுவிட்டான். அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை என்று நோட்டைப் பார்த்து மகள் போன் செய்து சொன்னாள்.